மூச்சு விடக்கூடாது

பதினோரு வருடமாக
மற்றவர்களின் "நான்" சொல்லிப் பிழைக்கிறேன்.
"அவர் சொல்கிறார்" என்று தொடங்கக்கூடாது. விதி.
அவர் ஓடியிருந்தால் நான் ஓடினேன்.
அவரை அடித்திருந்தால் என்னை அடித்தார்கள்.
விசாரணை முடிந்தால் ஒரு பற்றுச்சீட்டு:
மூன்று மணித்தியாலம், பார்க்கிங் தனி.

சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்து.
ஆங்கிலத்தில் இருந்ததைப் பழக்கதோஷத்தில்
மனசுக்குள் மொழிபெயர்த்தேன்:
கேட்டதைப் பற்றி வெளியில்
மூச்சு விடக்கூடாது.

மரபுத்தொடர் என்றுதான் நினைத்தேன்.
உடம்புக்கு மரபுத்தொடர் தெரியாது.

போன பெப்ரவரி, கென்னடி ஸ்டேஷன் படிக்கட்டு.
யாரும் துரத்தவில்லை. ரயில்கூடத் தவறவில்லை.
விரல் நுனிகள் மரத்து,
நெஞ்சின்மேல் ஆரோ சம்மணமிட்டு இருந்து,
கையிலிருந்த கோப்பி என் கோட்டிலே.
ஸ்கார்பரோ ஆஸ்பத்திரியில் டொக்டர்
ஈசிஜி தாளை நீட்டினார்.
"இதயத்தில் ஒன்றுமில்லை."
அது எனக்கு நல்ல செய்தியாகப் படவில்லை.

எல்ஸ்மியர் ரோட்டில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறை.
புதன் ஏழு மணி. ஐந்து டொலர்,
போடாவிட்டாலும் கேட்பதில்லை.
நடத்துவது மரிபெல். பகலில் பல் வைத்தியரிடம் வேலை.
சொக்ஸில் ஓட்டை, பெருவிரல் எட்டிப் பார்க்கும்.
பக்கத்துப் பாயில் டெஸ்மண்ட்,
பனி வழிக்கும் லொறிக்காரன்.
ஏன் வந்தான் என்று அவன் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

முதல் வாரம் "கண்ணை மூடுங்கள்" என்றாள்.
மூடினால் ஒரு பச்சைக் கதவு.
நான் போயே இராத ஊரில்,
எவரோ உதைத்துத் திறந்த கதவு.
திறந்துவிட்டேன் கண்ணை.
"திறந்தே இருக்கட்டும்,
தரையில் எதையாவது பாருங்கள்."
கதிரைக் காலில் மாட்டியிருந்த
டென்னிஸ் பந்தைப் பார்த்தேன்.
நாற்பது நிமிடம். மஞ்சள் பந்து.
வேறொன்றும் நடக்கவில்லை.

நாலாவது வாரம் வாயை மூடி,
மூச்சு வெளியே போகும் வழியெல்லாம்
"ம்ம்ம்" என்று முரலச் சொன்னாள்.

விசாரணை அறையில்
நான் "ம்" கொட்டக்கூடாது. அதுவும் விதி.
ஒருவர் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டு
என் முகத்தைப் பார்ப்பார்.
நான் ஆணையரைப் பார்ப்பேன்.
எத்தனை பேர். எத்தனை முகம்.

ம்ம்ம் என்றேன்.
பல் அதிர்ந்தது, மூக்கின் எலும்பு, பிறகு விலா.
இன்னொருமுறை.
பச்சைக் கதவுக்காரருக்கு ஒரு ம்.
கிணற்றடியில் நின்ற பெண்ணுக்கு.
பேரைக் கேட்டாலே அழுத பையனுக்கு.
ஒரு சொல்லும் வெளியே போகவில்லை,
போட்ட கையெழுத்துக்குப் பழுதில்லை.
மூக்கு ஒழுகியது.
டெஸ்மண்ட் திரும்பிப் பார்க்காமல்
டிஷ்யூப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டான்.

சுகமாகிவிட்டதா என்று தங்கை கேட்கிறாள்.
கென்னடி படியில் இன்னும் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறேன்.
சில இரவுகளில் மூன்று மணிக்கு விழிப்பு வரும்;
பாதத்தைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு கிடப்பேன்.
சிலவேளை நித்திரை வரும்.

நேற்று விசாரணை. ஒன்பதரைக்கு.
அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினார்.
மேசைக்கடியில் நான் சப்பாத்தைக் கழற்றியிருந்தேன்.
ஒரு முழு மூச்சு வெளியே விட்டேன்.
"மொழிபெயர்ப்பாளருக்கு ஏதும் சிரமமா?"
இல்லை, ஒரு விநாடி.

பிறகு "நான்" என்று தொடங்கினேன், அவருக்காக.
கம்பளம் குளிர்ந்தது.
குளிர்ந்த கால் என்னுடையது.