தூசிக்கு ஓர் இருக்கை

மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டு
சிரம்பானில் இறங்கிப் போனவள்
காரணம் கேட்ட கட்டத்தில் எழுதியிருந்தாள்:
காடியில் நாற்றம்.

பாகாவ்காரர்களுக்கு அது தெரியாது.
ஒட்டுப்பால் ஊறும் வாடை
எங்களுக்கு வெயில் மழை மாதிரி.
பசியாறும் ரொட்டியில் இருக்கும்,
கல்யாணப் புடவை மடிப்பில் இருக்கும்.
ஆலை ஓய்ந்த பெருநாள் லீவில் மட்டும்
என்னமோ குறைகிறதே என்று
மூக்கு தேடும்.

வியாழக்கிழமை பாசார் மாலாமில்
முப்பத்தைந்து வெள்ளி சொன்னான்,
இருபத்தெட்டுக்கு இறங்கினான்.
கட்டைவிரல் தடிமனில் கறுப்புக் குழல்.
சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினால்
நீலமாய் ஒரு கண் திறக்கும்.
நொடிக்கு எண்பது இலட்சம் அயனி என்று
அட்டையில் போட்டிருந்தது.
எண்ணிப் பார்க்கவா போகிறேன்,
வாங்கிவிட்டேன்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து
வழக்கமாய் ஏறுகிறவன் சோஹாக்.
பின் சீட்டில் செய்தித்தாள் விரித்து
பாதி உடம்பை மட்டும் அதன்மேல் வைப்பான்.
அன்றைக்கு நீலக் கண்ணைப் பார்த்தான்.
பிறகு தன் சட்டைக் காலரை
யாருக்கும் தெரியாமல் முகர்ந்தான்.
கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது.

செம்பனைக்கு நடுவே ரெண்டு மைல்
யாரும் பேசவில்லை.

'காக், இது எனக்குத் தெரியும்' என்றான் மலாயில்.
ஆலையில் அவன் மின்வேலைக்காரன்.
உள்ளே ஓர் ஊசி இருக்கிறதாம்.
பன்னிரண்டு வோல்ட்டை ஆயிரமாயிரமாய் ஏற்றி
அதன் முனையில் கொண்டுபோய் நிறுத்தினால்
முனை தாங்காது,
எலக்ட்ரானைக் காற்றின் மேல் துப்பும்.
துப்பல் பட்ட காற்று தூசியைத் தொடும்.
தீட்டுப்பட்ட தூசியால்
அப்புறம் சும்மா மிதக்க முடியாது,
எதையாவது பற்றிக்கொள்ளத் தவிக்கும்:
டேஷ்போர்டு, கூரைத் துணி,
முருகன் ஸ்டிக்கர்,
உங்கள் கை.

கையைப் பார்த்துக்கொண்டேன்.

'தூசி சாவதில்லை காக்.
உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.'
முன்னால் எட்டி
கண்ணாடி ஓரத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தான்.
விரல் நுனி கறுத்தது.
'நாற்றம் தூசி இல்லை.
அதற்கு உட்காரத் தெரியாது.'
சிரித்தான்.
சிரித்துக்கொண்டே செய்தித்தாளை
இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஒன்றை அவன் சொல்லவில்லை.
ஊசி முனையில் கொஞ்சம் ஓசோனும் பிறக்கும்;
இடி இறங்கிய பால்மரத்தடியில் வருமே,
நாக்கில் சில்லறைக் காசு வைத்த மாதிரி,
அந்த வாடை.
கண்ணாடி ஏற்றிய காடியில் அது தேங்கும்.
சொல்லவில்லை, இருமினான்.
சின்ன இருமல்,
மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிற இருமல்.

குழலைப் பிடுங்கினேன். சுட்டது.
நான்கு கண்ணாடியையும் இறக்கினேன்.
அவன் வாடை வெளியே போயிற்றா,
ஊர் வாடை உள்ளே வந்ததா,
யார் பிரித்துச் சொல்வது.

'உனக்காக வாங்கவில்லை' என்றேன்.
சிரம்பான்காரிக்காக என்று சொல்லியிருந்தால்
பாதியாவது உண்மையாக இருந்திருக்கும்.

விடுதி வாசலில் இறங்கினான்.
செய்தித்தாளை நான்காய் மடித்து
கையோடு எடுத்துப் போனான்.
வீடு சேர்வதற்குள் போனில் வந்துவிட்டது
ஐந்து நட்சத்திரம்.
காரணம் எழுதும் கட்டம் காலி.

குழல் இப்போது
பழைய பார்க்கிங் கூப்பன்களுக்கு அடியில் கிடக்கிறது.
கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தேன்,
காய்ந்த துணியாலும்.
என்றாலும்
வைகறைக் குளிரில் முதல் ஆர்டருக்குக் காத்திருக்கையில்,
என் மூச்சே படிந்து கண்ணாடி வெளுக்கும்போது,
ஓரத்தில் அந்த ஒற்றைக் கோடு மட்டும்
வெளுக்காமல் திறந்து நிற்கிறது.
அதன் வழியே பார்த்தால்
ஆலைப் புகைக்கூண்டு தெரிகிறது,
ஒரு விரல் அகலத்துக்கு.