அவுட்பொக்ஸில் ஒன்று

ஏழேகால். யூனியன் பிளேஸ் ஒன்பதாம் மாடியில்
நானும் ஒரு டியூப் லைட்டும்தான்.

"ஹில்மி, டேட்டாவில மெயில் வருகுதில்லை.
ஒஃபீஸ் வைஃபையில வந்தது,
இப்ப சுத்திச் சுத்தி நிக்குது."

கணக்குப் பிரிவு சிவரூபி.
மூன்று நாளாய்ச் சுகயீன லீவு.
வெள்ளவத்தையில், தண்டவாளத்துப் பக்கம் வாடகை அறை.

யூடியூப் ஓடுதா மிஸ்?
ஓடுது.
அப்ப ஃபிளைட் மோட் போட்டு எடுங்க.

கோல் அறுந்தது.
அந்தப் போனில்தானே பேசுகிறாள் என்பது
எட்டு வருட ஹெல்ப்டெஸ்க் மூளைக்கு
அதன் பிறகுதான் வந்தது.

இரண்டாம் கோல் வேறு நம்பர்,
பக்கத்து அறைப் பிள்ளையின் போன்.
பின்னால் ஏதோ வதங்கும் சத்தம்.
செட்டிங்ஸுக்குப் போங்க. சேர்வர் என்ற இடத்தில்
என்ன இருக்கென்று வாசிங்க.

"நூற்றித் தொண்ணூற்றிரண்டு, புள்ளி, நூற்றி அறுபத்தெட்டு..."

போதும் மிஸ். அது வீட்டுப் பேர்.
யாரோ அவசரத்தில் பதிந்துவிட்டார்கள்.
(யாரோ என்ன, நான்தான்.)
இந்தக் கட்டடத்துக்குள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்,
காலி வீதியில் நின்று கூப்பிட்டால்
அதற்குத் தன்னைத்தான் என்று தெரியாது.

"எனக்கும் ஒரு வீட்டுப் பேர் இருக்கு," என்றாள்.
"ஒஃபீஸில ஒருத்தருக்கும் தெரியாது."
என்ன பேர் என்று நான் கேட்கவில்லை.

முழுப் பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.
ஒரு நிமிஷம்.
பிறகு பம்பலப்பிட்டிச் சந்தியில் பச்சை விழுந்த மாதிரி
அறுபத்தொரு மெயில்.
வாய்க்குள் வாசித்துக்கொண்டு போனாள்:
ரிமைண்டர், ரிமைண்டர், இரண்டாம் மாடியில் கேக்,
ரிமைண்டர்.

"வாறதெல்லாம் வருது.
அவுட்பொக்ஸில ஒண்டு மட்டும் அப்பிடியே கிடக்கு."

போகும் போர்ட் எத்தனை?
"இருபத்தைஞ்சு."
டேட்டாக்காரன் அதை அடைச்சிருப்பான் மிஸ்,
குப்பை மெயில் போகாமல்.
"போர்ட் எண்டா? ஹாபர் மாதிரியோ?"
ஜன்னலில் துறைமுகக் கிரேன்களின் சிவப்புப் புள்ளிகள்.
ஓம், அப்படித்தான்.
அந்த வாசலால் கப்பலை விடமாட்டான்,
ஐந்நூற்று எண்பத்தேழால் விடுவான்.

"மாத்தினா உடனே போயிடுமோ?"
அடுத்த நொடி.
"உள்ள கிடக்கிறதும்?"
அதுதான் முதலில் போகும்.

ஒன்றும் பேசவில்லை.
கீழே ஒரு ரயில் போனது, நீளமான ரயில்,
என் காதுக்குள்ளால் களுத்துறைப் பக்கம்.

"திங்கக்கிழமை, நூறாம் நம்பர் பஸ்ஸில
நிண்டுகொண்டு எழுதினது," என்றாள்.

திங்கட்கிழமை பின்னேரம் மீட்டிங் அறைக் கண்ணாடி
எங்கள் மேசை வரைக்கும் அதிர்ந்தது.
அந்த மெயிலில் என்ன என்று கேட்பது
என் வேலைப் பட்டியலில் இல்லை.

இரண்டு வழி இருக்கு மிஸ்.
இப்பவே எண்ணை மாற்றலாம்.
அல்லது ஃபிளைட் மோட் போட்டு
உள்ளதை அழித்துவிட்டு மாற்றலாம்.
இந்த முறை கோல் அறாது.

"அக்கா, போன்," என்றது பக்கத்து அறை.

"எத்தினை எண்டனீங்கள்?"
ஐந்து. எட்டு. ஏழு.
"ஐஞ்சு," என்றாள். "எட்டு."
ஏழு வருவதற்குள் வதங்கும் சத்தம் நின்றுவிட்டது,
யாரோ அடுப்பை அணைத்திருந்தார்கள்.
"ஏழு. சரி ஹில்மி, தாங்ஸ்."

டிக்கட்டில் எழுதினேன்:
சேர்வர் பெயர் மாற்றப்பட்டது. போர்ட் மாற்றப்பட்டது.
நிலை: முடிந்தது.
அழித்தேன்.
நிலை: பயனரின் பதிலுக்குக் காத்திருக்கிறது.

லிஃப்ட் பொத்தானை அமத்திய பிறகுதான் பார்த்தேன்,
என் போனிலும் இன்னும் அந்த வீட்டுப் பேர்தான்.
வாசலைத் தாண்டினால் யார் எதை அனுப்பினாலும்
காலை எட்டரை வரை எனக்குத் தெரியவராது.

மாற்ற அரை நிமிஷம் போதும்.
லிஃப்ட் வந்தது.
போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.