கயிற்றுக்கு இந்தப் பக்கம்

வெள்ளவத்தையில் வான் ஏறும்போதே
சண்டை தொடங்கிவிட்டது:
மொரிஸ் மைனரின் முன்கண்ணாடி
எந்த ஆண்டு வரை இரண்டாய்ப் பிளந்திருந்தது?
ஐம்பத்தாறு என்றார் டெரன்ஸ் கெலார்ட்.
ஐம்பத்தெட்டு என்று லாபிர்
இல்லாத தாடியில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.
நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தேன்.

எனக்குக் கார் என்றால் நசுங்கியதுதான்.
பத்தொன்பது வருடமாய்
காப்புறுதிக் கம்பனியில் சேதம் மதிக்கிறேன்.
பம்பரைத் தடவினால் போதும்,
எதிரே வந்தது பஸ்ஸா மாடா, சொல்வேன்.
எட்டுப் பேருக்கு வான் பிடித்தால்
ஆளுக்கு மலிவு என்று
என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் மியூசியம் கறுவாத்தோட்டத்தில்.
செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
குளிர்ந்த மண்டபம். பளபளத்த பென்ஸ் ஒன்றின் முன்
வானிலிருந்து ஓயாத வாய்கள் எல்லாம் மூடி நின்றன.
தொட வேண்டாம் என்று மூன்று மொழியிலும் பலகை.
தமிழில் மட்டும் துணைக்கால் முறிந்து
'தொடதீர்கள்.'
சிறு சேதம், திருத்தலாம் என்று
மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது நுகேகொடையில், ஒரு வீட்டுக் கராஜ்.
நிலந்தவின் மனைவி பிளேன்டீ கொண்டுவந்தாள்.
அவர் ஒஸ்டினை ஸ்டார்ட் பண்ணினார்,
எல்லோரும் கண்ணை மூடிக் கேட்டார்கள்,
புகையில் இருமிக்கொண்டே.
இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த வருடங்களில்
இதை விற்றிருந்தால்
ஒரு வீடு வாங்கியிருக்கலாம் என்றாள் அவள்.
இதை நிறுத்தத்தானே வீடு என்றார் அவர்.
பெட்ரோல் வரிசையில் மூன்று நாள்
ஒரு சொட்டும் எரிக்காமல்
தள்ளிக்கொண்டே போனாராம்.
அதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் மலர்ந்தது.

மூன்றாவது கிராண்ட்பாஸில்.
கொப்பரைக் கிட்டங்கியாய் இருந்த இடம்,
எண்ணெய் வாசம் சுவரை விட்டுப் போகவில்லை.
ஒரே ஒரு டியூப்லைட்டின் கீழ்
பச்சை பேஜோ 203.
அட்டையில்:
'முழுவதும் அசல்.
முதல் உரிமையாளர்: தெரியாது.'

கயிற்றைத் தாண்டி
கை தன்பாட்டில் போயிற்று.
மட்கார்டின் உள்விளிம்பு.
பெயின்டுக்குக் கீழே கொப்புளங்கள்,
ஆறியும் ஆறாத அம்மைபோல.

எஞ்சினில் பிடித்த தீ
முன்னாலிருந்து பின்னால் போகும்.
வயரில் பிடித்தது
டாஷ்போர்டின் அடியைக் கறுப்பாக்கும்.
குனிந்தேன். கதவின் கீழ்விளிம்பைத் தடவினேன்.
இது நடுவில் தொடங்கியிருந்தது.
இருக்கையில்.
ஆள் இருக்கும் இடத்தில்.

ஆண்டை யாரிடமும் கேட்கவில்லை.
அந்த ஜூலையின் கோப்புகள்
எங்கள் கம்பனியின் நிலவறையில் இருக்கின்றன,
'கலவரம் – பொருந்தாது'
என்ற ஊதா முத்திரையோடு.
சேர்ந்த புதிதில்
தூசு தட்டச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.
தட்டினேன். வாசிக்கச் சொல்லவில்லை.

'மிஸ், கயிற்றுக்கு இந்தப் பக்கம்'
என்றான் காவலுக்கு நின்ற பையன்,
சிங்களத்தில், கெஞ்சலாய்.
வந்தேன்.
'அக்கா, விலை போடுங்க,
உங்கட தொழில்தானே' என்றான் லாபிர்.
'சொந்தக்காரர் வரட்டும், சொல்றன்.'
சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.
டெரன்ஸ் மட்டும் தொப்பியைக் கழற்றி
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.
வெக்கையாகவும் இருக்கலாம்.

வாசலில் பார்வையாளர் புத்தகம்.
பேனாவை எடுத்தபோது கண்டேன்,
நகத்துக்குள் ஒரு செதில்.
மேலே பச்சை.
கீழே சாம்பல்நிறப் பூச்சு.
அதற்குக் கீழே கரி.
எல்லாவற்றுக்கும் அடியில்
மயிரிழை அளவு
வெளிர் நீலம்.

பெயர் எழுதினேன். ஊர் எழுதினேன்.
'கருத்து' என்ற கட்டத்தில்
'நிறம்: வெளிர் நீலம்' என்று தமிழில் எழுதினேன்.

வெளியே
ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு என்று
மறுபடி தொடங்கிவிட்டார்கள்.
வானின் கதவை இழுத்துச் சாத்தும்போது
திரும்பிப் பார்த்தேன்.
அந்தப் பையன் புத்தகத்தின் மேல் குனிந்து
உதடசைத்து வாசித்தான்,
எழுத்துக்கூட்டாமல்.
பிறகு
காரின் பக்கம் போய்
கயிற்றைக் கொஞ்சம் தூக்கினான்.