ஏறுவதற்குப் பத்து தெத்ரி

எங்கள் கட்டடத்தில்
இறங்குவது இலவசம்.
ஏறுவதற்குத்தான் காசு.

திபிலீசியின் வடக்கு விளிம்பு,
பதினாறு மாடி, மூன்றாம் வாசல்.
லிஃப்ட்டுக்குள் ஓர் இரும்புப் பெட்டி.
பத்து தெத்ரி போட்டால் முனகிக்கொண்டே கிளம்பும்.
போடாவிட்டால்
மங்கிய கண்ணாடியில் முகம் பார்த்தபடி
எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

சில்லறை இல்லாதவர்கள் படியேறினார்கள்.
யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை,
நானும்தான்.
மேலே போகையில் கதவிடுக்கு வழியாக
ஒவ்வொரு மாடியிலும் ஓர் இருமல் கேட்கும்;
உருளைக்கிழங்குப் பையை யாரோ
தரையில் இறக்கிவைக்கும் சத்தம்.
பிறகு என் மாடி வந்துவிடும்.

நாஸிப்ரோலா பதினோராம் மாடி.
மருந்துக் கடையில் இரவு வேலை.
குடியிருப்போர் கூட்டத்தில்
ஒரு தடவைகூட வாய் திறந்தவள் இல்லை.
நவம்பரில் ஒரு விடியற்காலை
வேலை முடிந்து வந்தவள்
பெட்டியின் தலைமேல் மூன்று காசு வைத்தாள்.
பக்கத்தில், ரசீதின் பின்புறத்தில்:
"இல்லாதவர் எடுத்துக்கொள்ளுங்கள்."

எட்டரை மணிக்குக் காசும் இல்லை,
காகிதமும் இல்லை.

மறுநாளும் மூன்று. போயிற்று.
அதற்கு மறுநாளும்.
நான்காம் மாடி வாகோ
அந்தக் காசில் சூரியகாந்தி விதை வாங்கித் தின்று
படியெல்லாம் தோல் துப்பியிருந்தான்.
"ஊரைத் திருத்த ஒருத்தி கிளம்பிவிட்டாள்,
ஓட்டைக் குடத்தோடு" என்று சிரித்தார்
டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற உஷாங்கி.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன்.
நாளுக்கு மூன்றென்றால் மாதம் ஒன்பது லாரி;
அவள் சம்பளத்துக்கு அது சின்னத் தொகை அல்ல.
வாசலில் நிறுத்திச் சொன்னேன்:
"திருடுகிறார்கள்."
"எடுத்துக்கொள்ளச் சொல்லித்தானே வைக்கிறேன்"
என்றாள்,
கொட்டாவியை அடக்கியபடி.

பிப்ரவரியில், பனி கொட்டிய ஒரு மாலை,
கையில் மாவு மூட்டை,
பணப்பை அலுவலக மேசையில்.
ஒரு காசை எடுத்தேன்.
பன்னிரண்டு நாள் திருப்பி வைக்கவில்லை.
கேட்டால் மறந்துவிட்டேன் என்றிருப்பேன்.
மறக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் இரண்டாக வைக்கப் போனால்
அங்கே ஏற்கெனவே ஐந்து.
அவள் வைக்கும் காசில் அயோடின் வாசம் இருக்கும்.
முகர்ந்து பார்த்தேன்
(யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு):
இரண்டில்தான் இருந்தது.

வசந்தத்தில் கூட்டம் போட்டோம்.
பெட்டியையே கழற்றிவிடலாம்,
செலவை வீடுகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம்.
நான்கு ஓட்டில் தோற்றது.
உரத்த குரலில் எதிர்த்தவர் உஷாங்கி.
அந்த வாரமே அவர்
மீன் டப்பா மூடி ஒன்றை
விளிம்பு மடக்கி, சுரண்டித் தேய்த்து,
பெட்டிமேல் ஒட்டிவைத்தார்,
லிஃப்ட் குலுங்கும்போது காசு உருளாமல் இருக்க.
கேட்டதற்கு,
"அது வேறு, இது வேறு" என்றார்.

இரண்டாம் வாசல் லிஃப்ட்டில்
நீலப் பூப்போட்ட சாசர் ஒன்று வந்திருக்கிறதாம்.
யார் வைத்தது என்று தெரியவில்லை.
நாஸிப்ரோலாவுக்கு அந்தப் பக்கம்
ஒருவரையும் தெரியாது.

பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது.
வாகோ இன்னும் விதை தின்கிறான்,
யார் காசில் என்று நான் விசாரிப்பதில்லை.
சில வாரம் டப்பா மூடி காலியாகக் கிடக்கும்;
அப்போது படிகளில் அதே இருமல்.
சமூகம் என்ற சொல்லை யாராவது சொன்னால்
எனக்கு இப்போதும் கை தானாகச்
சட்டைப்பையை மூடிக்கொள்ளும்.

ஆனால் நேற்றிரவு, நான் கீழே இறங்கி வெளியேறுகையில்
முன்பின் பார்த்திராத ஒருத்தி உள்ளே வந்தாள்.
தோளில் தூங்கும் குழந்தை,
மணிக்கட்டில் நசுங்கித் தொங்கும் பை.
மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
அனுமதி கேட்பதுபோல.
நான் கதவைப் பிடித்துக்கொண்டு
மேலே விளக்கைப் பார்த்தேன்.

காசு விழுந்தது.
"எத்தனையாவது?"
"பதினாறு" என்றாள்.
பொத்தானை நான் அழுத்தினேன்.