இரண்டு தலை மழைக்கோட்டு

தலாத்தில் காலை ஆறு மணி.
டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன்.
வருகிறவரிடம் எடை கேட்பது மரியாதையில்லை.
கைகுலுக்கும்போதே ஒரு கணக்குப் போட்டுக்கொள்வேன்,
பிறகு காற்று.

இர்மெலி, ஃபின்லாந்து. என் வயதுதான் இருக்கும்.
தியெப் என்றேன் நான்.
தீப் என்றாள். திருத்தவில்லை.
நா டிராங் வரைக்கும் நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர்
இருக்கிறதே.

முகம் பார்த்துச் செய்யும் தொழில் அல்ல இது.
கண்ணாடியில் பாதி ஹெல்மெட், ஒரு காது,
அவ்வளவுதான் வரும்.
முதுகால்தான் ஆளைப் படிக்கிறேன்.
வளைவில் என்னோடு சாய்கிறவர்கள் உண்டு.
பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்து
வண்டியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு.
இவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்,
பல் டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவளைப் போல.

மலைச்சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரைகள் பளபளக்க
அது ஏரியா என்று கேட்டாள்.
இல்லை, செவ்வந்தி என்றேன்.
சாலையில் பாதியை
காயப்போட்ட காப்பிப்பழம் பிடித்திருந்தது.
ஒரு கொஹோ பையன் துடைப்பத்தை உயர்த்தி
சக்கரத்துக்கு வழி காட்டினான்,
போலீஸ்காரனைவிடத் தீவிரமாக.

கான் லே கணவாயில் நுழைந்ததும் அருவிகள்.
பெயர் என்ன, பெயர் என்ன என்பார்கள் எல்லோரும்.
பெயர் கிடையாது. நவம்பரில் அருவி,
மார்ச்சில் வெறும் பாறை.
காசு கொடுத்து வந்தவரிடம்
இதை எப்படிச் சொல்வது?
நானே வைத்துவிட்டேன்.

முதல் அருவி துவா:
இருபது லட்சம் டாங் கடன் வாங்கி
இன்னும் திருப்பித் தராத நாத்தனார்.
நடுவில் இரண்டாகப் பிரிவது கணக்கு வாத்தியார் கீம்.
சத்தம் மட்டும் வந்து
கண்ணில் படாமலே போகும் ஒன்று
என் மகளின் அப்பா.

இர்மெலி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்,
எழுத்தெழுத்தாகக் கேட்டு.
கடைசிப் பெயருக்கு மட்டும்
காது கேட்காததுபோல் கிக்கரை உதைத்தேன்.

மழை,
சொல்லாமல்.
பையிலிருந்து கோட்டை உதறினேன். நீலம்.
தலைக்கு இரண்டு துவாரம்.
இதற்குள்ளா, இரண்டு பேருமா என்றாள்.
சிரித்தபடி நுழைந்து
தலை வெளியே வர வழி தெரியாமல்
கொஞ்ச நேரம் உள்ளேயே தட்டுத்தடுமாறினாள்.

உள்ளே ஈரச்சூடு, பெட்ரோல்,
காலையில் தின்ற பன்னின் வெங்காயம்.
அடுத்த வளைவில் முதல்முறையாகச் சாய்ந்தாள்.
வேறு வழி? ஒரே துணி.
நான் குனிந்தால் அவளும் குனியவேண்டும்,
அவள் தும்மினால் எனக்கும் தூக்கிப்போடும்.

அறுபதாவது கிலோமீட்டரில் மண் சரிந்திருந்தது.
புல்டோசர் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது மலையை.
முன்னால் பன்றி லாரி, பக்கத்தில்
தார்ப்பாயின் கீழ் சீட்டாடும் நான்கு பேர்.
யாரோ தேநீர் நீட்டினார்கள்; சிந்தாமல்
இரண்டு துவாரத்துக்கும் ஒரே டம்ளர் போய்வந்தது.
மழை விட்டது.
கோட்டைக் கழற்றலாம் என்று அவள் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
பன்றிகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

பிறகு இறக்கம், வெயில், உப்புக்காற்று.
காதில் அடைப்பு விட்டு ஊர்ச்சத்தம் உள்ளே வந்தது.
ஹோட்டல் வாசலில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு
தியெப் என்றாள்.
கிட்டத்தட்ட.

திரும்பும் வழிக்கு யாரும் காசு தருவதில்லை.
இரண்டு பேருக்கு அடித்த காற்றில்
ஒருத்தியோடு வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளியது.
இருட்டியபின் மறுபடி மழை.
பின் துவாரத்தை ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவேன் வழக்கமாக.
மறந்துவிட்டேன்.
காற்று புகுந்து
வெறும் தலைமூடி என் பின்னால் நிமிர்ந்தது,
வளைவில் என்னோடு சாய்ந்தது.
எதிரே வந்த லாரிக்காரன்
விளக்கைத் தாழ்த்தினான்,
இரண்டு பேருக்காக.