ஆறாம் நம்பர் வண்டி

சூளைக்குள் போகும்போது சத்தமில்லை.
வெளியே வரும்போதுதான் கத்தும்
ஆறாம் நம்பர் வண்டி.
முதுகில் மாமாங்கத்து வெள்ளைக்கல்,
சக்கரத்தில் நான் அப்பிய கிராஃபைட்.

எண்ணெய் அங்கே எரிந்துவிடும்.
அதனால்தான் இந்தக் கறுப்பு மாவு:
தாள்மேல் தாள், தாள்மேல் தாள்.
தாளுக்குள் இரும்புப்பிடி,
தாளுக்கும் தாளுக்கும் நடுவே
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அளவு உறவு.

"இன்னும் பூசும்மா" என்றார் ஆரோக்கியதாஸ்.
பூசினேன்.
மே மாதம், கையுறைக்குள் வேர்வை.
வண்டி முன்னைவிட உரக்கக் கத்தியது.
தண்டவாளத்தில் சாம்பல் நிறத் தூள்.

மார்கழியில் இதே வண்டி, இதே மாவு,
வாயைத் திறக்கவில்லையே.
அப்போது சக்கரத்தைக் கை பொறுத்தது.
இப்போது தெளித்த தண்ணீர்
துள்ளி ஓடுகிறது.

ஏற்காட்டு முதல் பஸ்ஸில் இறங்கும் சடையன்
காப்பிக் கிடங்கின் பூட்டுக்குள்
பென்சில் முனையைச் சுரண்டிப் போடுவானாம்.
பனி மூடிய நாளில்
சாவி தானே திரும்புமாம்.
அவன் பூட்டைப் பற்றித்தான் பேசினான்.
என் காதில் பனி மட்டும் விழுந்தது.

தாள்களின் ஓரத்தில் ஒண்டியிருக்கும்
துளி நீராவிதான் வழுக்கலின் பாதி.
சூடு அதைத் துரத்திவிட்டால்
ஓரங்கள் வெறுங்கையோடு நின்று
எதிரில் வந்ததைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு மாலிப்டினம் டப்பா வந்தது.
விலையைப் பார்த்து அக்கவுண்ட்ஸில் இருமினார்கள்.
அதுவும் கறுப்பு, அதுவும் தாள்மேல் தாள்,
ஆனால் ஈரம் ஆகாத சாதி.
காய்ந்த சூட்டில்
வண்டியை நழுவவிட்டது,
சத்தமே இல்லை.
ஜூன் முழுக்க எனக்கு நல்ல பெயர்.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை.
சூளைக்கு ஓய்வு, வண்டி முற்றத்தில்.
நாலாம் நாள் ஆறு பேர் தள்ளினோம்.
முனகி, ஒரு முழம் நகர்ந்து,
நின்றுவிட்டது.
"இதுக்கு மழைன்னா கோபம் வருதே!"
சடையன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

இப்போது அலமாரியில் இரண்டு டப்பா.
சாக்பீஸால் எழுதி வைத்தேன்:
வெயில். மழை.
வேர்வை பட்டு இரண்டும் அழிந்துவிட்டன.

இரவு ஷிப்ட், மணி இரண்டு.
விரலை நாக்கில் தொட்டு
ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறேன்.
சேர்வராயன் பக்கமிருந்து காற்று,
ஈரமா, இல்லையா,
என் எச்சிலைத் தாண்டித் தெரியவில்லை.
நாக்கில் கறுப்பு ருசி.
எந்த டப்பாவினுடையதோ.