சந்தா பாக்கி

அப்பாவை ஐஸ் பெட்டியில் கிடத்திவிட்டு
சபை அலுவலகத்துக்குப் போனேன்.
ஜமாலியாவில் முழங்கால் தண்ணீர்.
செருப்பு கையில்,
டாக்டர் கொடுத்த சீட்டு பாலிதீன் பையில்.

அருமைநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
நீளமான பதிவேட்டைத் திறந்தார்.
ஏசுவடியான். கேரேஜ் ஒர்க்ஸ்.
குடும்ப எண் நூற்றுப் பதினாறு.
விரல் கட்டம் கட்டமாக நகர்ந்தது,
எல்லாம் வெறுங்கட்டம்.
"பதினோரு வருஷ சந்தா நிக்குதேம்மா."

பதினோரு வருஷத்துக்கு முன்னால்
கமிட்டி தேர்தல். இரண்டு கோஷ்டி.
ஓட்டுப்பெட்டியை வைத்தது திருவிருந்து மேசையில்.
ஒரு நாற்காலி பறந்தது.
பூட்ஸைக் கழற்றாமல் ஆல்டர் வரை வந்தார் சப்-இன்ஸ்பெக்டர்.
நாற்காலி யார் கையிலிருந்து பறந்தது என்பது
அப்பாவின் புருவத்துத் தையலுக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும்.
எதிரில் உட்கார்ந்து
அந்தக் கைதான் இப்போது கணக்குக் கூட்டிக்கொண்டிருக்கிறது.

அதன்பிறகு ஆராதனை மணி அடிக்கும்போதெல்லாம்
அப்பா குழாயடியில் சங்கரா மீன் ஆய்வார்.
முதல் மணி, இரண்டாம் மணி.
செதில் தெறிக்கும்.
யாரையும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை,
கத்தியைக் கொஞ்சம் அழுத்துவார்.

நான் அதைக்கூடச் செய்வதில்லை.
ஞாயிறு எனக்கு டூட்டி.
ஸ்டான்லியில் டயாலிசிஸ் பிரிவு, காலை ஷிப்ட்,
எட்டு மெஷின், ஒன்று எப்போதும் ரிப்பேர்.
ஜெபத்துக்குக் கண்ணை மூடு என்று
சண்டே ஸ்கூலில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள்.
இங்கே மூட முடியாது.
டியூபில் காற்று ஏறினால் ஆள் போய்விடும்.
வெளியே வந்து சுற்றித் திரும்பும் ரத்தத்தைப்
பார்த்தபடியே சொல்வேன்:
பாத்துக்கோ.
அவ்வளவுதான். ஆமென் கிடையாது.

நாலாம் படுக்கை ஜைத்தூன் பீ ஒருமுறை கேட்டார்,
"யார்கிட்டம்மா பேசுற?"
"கூட டூட்டி பாக்குறவர்கிட்ட."
காலியாகக் கிடந்த ஸ்டூலைப் பார்த்து
அவர் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஆறாயிரத்து அறுநூறு.
உங்க அம்மா குழியையே திறக்கத் தனி.
வண்டிக்குத் தனி.
கட்டட நிதி, அது உங்க இஷ்டம்."
மைப்பேனாவின் மூடியைக் கழற்றினார்.
மேய்ப்பர் படத்துக்குக் கீழே
கியூஆர் அட்டை ஒட்டியிருந்தது.
செல்லைக் காட்டினேன்.
மேசைமேல் இருந்த சின்னப் பெட்டி
தெருவுக்கே கேட்கும்படி சொன்னது:
ரூபாய் பெறப்பட்டது.
இரண்டுபேரும் வேறு எங்கோ பார்த்தோம்.

திட்டுவதற்கு ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்,
பதினோரு வருஷமாகத் தீட்டியது.
பெட்டியை இறக்கி முடிந்ததும் சொல்லலாம் என்று
காசிமேட்டுக்குக் கொண்டுபோனேன்.

குழியில் தண்ணீர் ஊறியது.
வெட்டியவர் வாளியில் இறைக்க இறைக்க
பக்கவாட்டிலிருந்து கசிந்தது, உப்பும் சாக்கடையும்.
பாஸ்டர் குடைக்குள் மணி பார்த்தார்,
அடுத்த சவம் வாசலில் காத்திருந்தது.
அருமைநாயகம் பேண்ட்டைச் சுருட்டினார்.
அறுபத்தெட்டு வயசு, சர்க்கரை, காலில் கட்டு வேறு.
இறங்கிவிட்டார்.
இன்னொரு வாளியைக் கேட்டு வாங்கி
அப்பா படுக்கும் இடத்தை இறைத்தார்.
வாய் அசைந்தது.
ஜெபமா, மூச்சிரைப்பா.
கண் மட்டும் திறந்தே இருந்தது,
தண்ணீர் ஏறுகிறதா என்று.

வாக்கியத்தைச் சொல்லவில்லை.
மன்னித்துவிட்டேன் என்றும் இல்லை.
கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். கனமாக இருந்தார்.

ரசீது பைக்குள்ளேயே நனைந்து
நூற்றுப் பதினாறு நீலக்கறையாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு, இரண்டாம் மணி நேரம்,
ஜைத்தூன் பீயின் டியூபை விரலால் தட்டிக்கொண்டிருந்தேன்.
சின்னக் குமிழி ஒன்று.
அது மெல்ல ஏறி
வெளியேறும்வரை
கூட டூட்டி பார்ப்பவரும் நானும்
மூச்சுவிடவில்லை.